கிளியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: இலக்கிய நாட்டமுள்ள மாணவரை வழிநடத்த, புதிய தமிழாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இது நடக்கும். காலாண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எல்லாக் கட்டுரையும் ஒரே கைடிலிருந்து வந்ததாக இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியத்தோடு நிற்கும். மெல்லக் கற்போருக்கு என்ன செய்வது என்று பி.எட்.டில் படித்திருப்பீர்கள், பயிற்சி வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். இந்தப் பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘நல்லாப் படிக்கிற பிள்ளை, தானா வந்துடும்’ என்று விட்டுவிடுவதுதான் ஆசிரியர் அறை வழக்கம். தானாக வருவதில்லை. பிளஸ் டூ முடிவதற்குள் அந்த வாக்கியம் காணாமல் போயிருக்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் 9 முதல் 12 வரை தமிழ் நடத்துபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. முதல் நான்கு வாரம்: ஆள் தேடாதீர்கள், தாளைப் பாருங்கள்

நன்னூல் பொதுப்பாயிரத்தை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. கிளி இடையில் இருப்பதை மட்டும் பள்ளிக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம். மேடையில் தங்குதடையின்றிப் பேசுகிற பிள்ளை, அறுபது குறளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளை, கணீர்க் குரல் உள்ள பிள்ளை என்று இவர்களைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறோம். அவர்களுக்கு நல்ல திறமை இருக்கிறது, ஆனால் அது வேறு திறமை. இலக்கியத்துக்கான பிள்ளை பெரும்பாலும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நேற்றைய பாட்டை இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு பாடவேளை போதும். ஜூலை முதல் வாரத்தில் வையுங்கள். ‘உங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குக் கேட்கும் ஒலிகள்’ என்பதுபோல் கைடில் இருக்க வாய்ப்பில்லாத தலைப்பாகக் கொடுத்துப் பதினைந்து வரி எழுதச் சொல்லுங்கள். பேனாவில்தான் எழுத வேண்டும், வெள்ளை மை பூசக் கூடாது. பெயருக்குப் பதில் எண்ணைப் போடச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் கை தானாக முதல் ரேங்க் பிள்ளைக்கு மதிப்பெண் போடும்.

படிக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெயர்ச்சொல். ‘பறவைகள் கூவின’ என்று எழுதியவரும் ‘செம்போத்து’ என்று எழுதியவரும் ஒன்றல்ல. இரண்டாவது, வினைச்சொல். தண்ணீர் லாரி ‘வந்தது’ என்று எழுதியிருக்கிறதா, குடங்கள் ‘முட்டிக்கொண்டன’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, அடித்தல். ஒரு சொல்லை அடித்துவிட்டு அதைவிடப் பொருத்தமான சொல்லை மேலே எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள். எழுத்துப்பிழைக்காக அடித்திருந்தால் அது கணக்கில் வராது. நல்ல சொல்லை இன்னும் நல்ல சொல்லுக்காக அடிக்கிற கையை எந்தப் பயிற்சியும் அவ்வளவு எளிதில் தந்துவிடாது. வெள்ளை மை வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

இரண்டு வாரம் கழித்து வேறு தலைப்பில் மறுபடியும் எழுத வையுங்கள். இரண்டு முறையும் தேறி வருகிறவர்கள் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒருவரும் தேறாத ஆண்டும் உண்டு. அந்த ஆண்டு யாரையாவது பிடித்து இழுக்காதீர்கள்.

2. அனுமதி, கடிதம், கோப்பு

இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். தலைமையாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த வகுப்பு, எத்தனை மாணவர், வாரத்தில் எந்த இரண்டு நாள், எந்த நேரம், எந்த அறை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாலை 45 நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். பேருந்தை விட்டுவிட்டால் வீட்டிலிருந்து முதல் எதிர்ப்பு அன்றைக்கே கிளம்பும். பெற்றோரிடம் கையெழுத்துடன் ஒப்புதல் வாங்கி ஒரு நகல் பள்ளியிலும் ஒரு நகல் உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு எப்போதும் கதவு திறந்த வகுப்பறையிலோ நூலகத்திலோ நடக்கட்டும். ஒரே ஒரு மாணவர்தான் என்றாலும் இன்னொருவரைச் சேர்த்து இருவராக உட்கார வையுங்கள். வீட்டுக்கு வரச் சொல்வது வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோர் எண்ணுக்கு அனுப்புங்கள். மாணவருக்கும் உங்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

பெற்றோரைச் சந்திக்கும்போது ‘உங்க பிள்ளை பெரிய கவிஞரா வருவாங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். பயந்துவிடுவார்கள். ‘தமிழில் நல்ல மதிப்பெண் வரும், உதவித்தொகைத் தேர்வு ஒன்று இருக்கிறது’ என்று தொடங்குங்கள். இரண்டும் உண்மைதான்.

கோப்பில் இப்போதே போட்டு வைக்க வேண்டியவை: ஆதார் நகல், மாணவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல், சாதிச் சான்றிதழ் நகல், நான்கு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். பெயரையும் தலைப்பெழுத்தையும் எல்லா ஆவணங்களிலும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், சான்றிதழில் முன்னால், வங்கியில் தந்தை பெயர் முழுதாக என்று இருக்கும். பரிசுப் பணமும் உதவித்தொகையும் இழுத்தடிப்பதற்கு இது ஒன்றே போதும். அக்டோபரில் ஓடுவதைவிட ஜூலையில் திருத்திவிடலாம்.

3. புத்தகமும் செலவும்

பெரிய செலவு எதுவும் இல்லை. 200 பக்கக் குறிப்பேடு இரண்டு வாங்குங்கள், ஒன்று படித்ததைக் குறிக்க, இன்னொன்று எழுத. அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை எடுக்கச் சிறு தொகை ஆகும். முடியாத பிள்ளைக்கு நீங்களே கட்டிவிடுங்கள், அதை வெளியே சொல்லாதீர்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க இலக்கியம் உரையோடு இலவசமாகக் கிடைக்கிறது. 1998இல் தொடங்கிய இணைய நூல்தொகுப்பான மதுரைத் திட்டத்திலும் மூலநூல்கள் உண்டு. உரையோடு வேண்டுமென்றால் முன்னது. நீங்கள் பார்த்து, தேவையான இரண்டு பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள். ‘நெட்ல இருக்கு, படிச்சுக்கோ’ என்று கைப்பேசியைக் காட்டிவிட்டால் அரை மணி நேரம் வேறெங்கோ போய்விடும்.

பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். முப்பது நூல் உள்ள பட்டியலைப் பார்த்ததும் பிள்ளை ஆடு மாதிரி இங்கே ஒரு தழை, அங்கே ஒரு தழை என்று மேய ஆரம்பித்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு நூல் கொடுங்கள். அது திரும்பி வந்த பிறகு அடுத்தது. படித்தாயா என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தாய் என்று கேளுங்கள்.

4. ஒரு பாட்டு, நான்கு வாரம்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. பிளஸ் ஒன் மாணவருக்குப் பொருந்தும். தன்னைக் களவில் கூடியவன் அதை மறுத்தால் என்ன செய்வது என்று தலைவி சொல்வது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதல் வாரம் இதைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தெழுதச் சொல்லுங்கள். சொற்பொருள் ஐந்துக்கு மட்டும் தாருங்கள்: செய்கோ என்றால் செய்வேன், தாள் என்றால் தண்டு, ஆரல் ஒரு மீன், குருகு நீர்ப்பறவை, ஞான்று என்றால் நாள். பொழிப்புரை வேண்டாம், திணை துறை வேண்டாம். மாணவர் எழுத வேண்டியது பத்துக் கேள்விகள். பொருள் எழுதச் சொல்லாதீர்கள்.

இங்கே எல்லா ஆசிரியரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒரு நிமிடம் யாரும் பேசாவிட்டால் நமக்குத் தாங்காது. ‘சரி, நானே சொல்றேன், தலைவன் தலைவியைக் களவில் கூடிட்டு…’ என்று ஆரம்பித்துவிடுவோம். பாட்டு அங்கேயே முடிந்துபோகும். கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் வாயைத் திறக்காதீர்கள்.

‘இது என்ன திணை?’ என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அதைத் தள்ளி வையுங்கள். ‘யாரும் இல்லை என்று சொன்னவள் ஏன் குருகு இருந்தது என்கிறாள்?’, ‘இவ்வளவு கவலையில் இருப்பவள் பறவையின் காலைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்?’ என்று கேட்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

இரண்டாம் வாரம் ஒரே ஓர் இடைச்சொல்லைப் பிடியுங்கள், ‘குருகும்’ என்பதில் உள்ள உம். அதை எடுத்துவிட்டுக் ‘குருகு உண்டு’ என்று வாசிக்கச் சொல்லுங்கள். வெறும் தகவலாகிவிடும். உம் சேர்ந்ததும், சாட்சி சொல்ல ஆளே இல்லாமல் போய், இருந்த ஒன்றும் மீனையே பார்த்துக்கொண்டிருந்த பறவை என்று தெரிகிறது. சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் சுட்டுகிற எச்ச உம்மையா, தாழ்த்திச் சொல்கிற இழிவு சிறப்பும்மையா என்று மாணவர்களே வாதாடட்டும். இலக்கணம் எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அன்றைக்குக் கேட்காது. வாதம் முடிந்த பிறகு உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரையை எடுத்துக் கொடுங்கள். முன்னாலேயே கொடுத்தால் அதுவே முடிவாகிவிடும்.

மூன்றாம் வாரம் ஏரியோ வயலோ வாய்க்காலோ பக்கத்தில் எது உண்டோ அங்கே போய், ஒரு கொக்கைப் பத்து நிமிடம் பார்த்து ஐந்து வரி எழுதி வரச் சொல்லுங்கள். ஏரிக்கு அனுப்ப முடியாத ஊரில் காக்கை போதும். உவமை எழுதக் கூடாது என்று கட்டளையிடுங்கள். மறுநாள் ஒரே ஓர் உவமைக்கு அனுமதி கொடுங்கள். அது அந்த இடத்திலேயே இருக்கிற பொருளாக இருக்க வேண்டும். தினைத்தாள் எங்கிருந்தோ கொண்டுவந்ததல்ல, அவள் தினந்தோறும் பார்க்கிற புனத்தில் நிற்பது.

நான்காம் வாரம், பேச முடியாத ஒரு சாட்சி இருக்கிற சம்பவம் ஒன்றைச் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள், ஐந்து வரி. ‘மொழிந்தாள்’, ‘ஏகினான்’ என்று சங்கத் தமிழில் எழுத முயல்வார்கள். வீட்டில் பேசுகிற சொல்லில் எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஒரு பருவத்துக்கு இப்படி இரண்டு பாட்டு போதும். மூன்றாவதைச் சேர்த்தால் இதுவும் பாடமாகிவிடும்.

5. திருத்துவது

பென்சிலில் திருத்துங்கள். ஒரு பக்கத்தில் மூன்று குறிக்கு மேல் போடாதீர்கள். பக்கம் முழுதும் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் பிழையே வராத வாக்கியங்களாக எழுதும், அதாவது கைடு வாக்கியங்களாக.

அடிக்கோடிட்டுக் கேள்வி கேளுங்கள். ‘இந்தப் பூவுக்குப் பெயர் உண்டா?’, ‘கடைசி இரண்டு வரி இல்லாவிட்டால் என்ன குறையும்?’ இரண்டாவது கேள்வியைத்தான் அதிகம் கேட்க வேண்டி வரும். பள்ளிக் கவிதை எல்லாம் கடைசி வரியில் அறிவுரை சொல்லிக் கைதட்டலுக்குக் காத்து நிற்கும். வரியை நீங்களே மாற்றி எழுதவே எழுதாதீர்கள், உங்களுக்கு அருமையான சொல் தோன்றினாலும். ஒற்றுப்பிழையைக் கடைசிப் படியில் மட்டும் பாருங்கள். தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். மாதம் கழித்து வரும் திருத்தத்தை யாரும் படிப்பதில்லை.

சினிமாப் பாட்டு வரி அப்படியே வந்திருந்தால் திருட்டு என்று கத்தாதீர்கள். காதில் ஒட்டியது கையில் வந்திருக்கும். எந்தப் பாட்டு என்று மட்டும் கேளுங்கள், தானே அடித்துவிடும். சாட்ஜிபிடி எழுதியதோ என்ற சந்தேகம் வந்தால் விசாரணை நடத்த வேண்டாம். முதல் படி எப்போதும் வகுப்பறையில், கையெழுத்தில் என்று விதி வைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இன்னொன்று. நன்றாக எழுதுகிற பிள்ளையிடம் மற்றவர்களின் நோட்டைத் திருத்தக் கொடுப்பது, ஆசிரியர் வராத வகுப்பைப் பார்க்கச் சொல்வது, ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதச் சொல்வது எல்லாம் ஊக்குவிப்பு ஆகாது. நமக்கு வேலை குறைகிறது, அவ்வளவுதான்.

6. போட்டிகள்

தமிழ் வளர்ச்சித் துறை 11, 12ஆம் வகுப்பு மாணவருக்கு மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. பரிசு ரூ.10,000, ரூ.7,000, ரூ.5,000. தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டிய பேச்சுப் போட்டிகள் தனி. அவற்றில் ரூ.5,000, ரூ.3,000, ரூ.2,000 தருகிறார்கள், அரசுப் பள்ளி மாணவர் இருவருக்கு ரூ.2,000 வீதம் சிறப்புப் பரிசும் உண்டு. தலைமையாசிரியர் பரிந்துரை இல்லாமல் அனுமதிக்க மாட்டார்கள். சுற்றறிக்கை பல நேரம் போட்டிக்குச் சில நாள் முன்புதான் கையில் வந்து சேரும். மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய பேருந்துச் செலவு, சாப்பாடு, உடன் வரும் ஆசிரியர் யார் என்பதை முந்தின நாளே முடிவு செய்யுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு போட்டி போதும். நீங்கள் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து போய்ப் பரிசு வாங்கி வந்தால் அது உங்கள் பரிசு. தொடர்ந்து மேடை ஏறுகிற பிள்ளை, கைதட்டல் எந்த வரியில் விழும் என்று தெரிந்துகொண்டு அந்த வரியை மட்டுமே எழுதப் பழகிவிடும்.

பள்ளிக் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழில் மாணவர் படைப்புகள் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு நல்ல தொடக்கம். அச்சில் தன் பெயரைப் பார்க்க மேடை தேவையில்லை என்று அங்கே தெரிந்துவிடும்.

பொறி ஒன்றும் இருக்கிறது. ‘தொகுப்பு நூலில் உங்கள் கவிதை, கட்டணம் 500 ரூபாய், சான்றிதழும் கேடயமும் உண்டு’, ‘உலக சாதனைக் கவியரங்கம்’ என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பணம் கட்டினால் போடுவார்கள், யாருடையதையும் போடுவார்கள். பெற்றோர் கூட்டத்திலேயே எச்சரித்துவிடுங்கள். கேடயத்தைப் பார்த்தபின் சொன்னால் பொறாமை என்பார்கள்.

7. திறனறித் தேர்வு

தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022 முதல் நடக்கிறது. பிளஸ் ஒன் படிப்பவர் எழுதலாம். சி.பி.எஸ்.இ. மாணவருக்கும் வாய்ப்பு உண்டு. பாடத்திட்டம் தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புத் தமிழ்தான். கொள்குறி வகை வினாக்கள், அதாவது கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது. 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டு தருகிறார்கள். இதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவருக்கு, மீதிப் பாதி எல்லோருக்கும் பொது. கட்டணம் ரூ.50.

ஆகஸ்ட் முதலே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தைப் பாருங்கள். தேர்வு பெரும்பாலும் அக்டோபரில் வரும். படிவத்தை நிரப்பிக் கட்டணத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும், பள்ளிதான் பதிவேற்றும். கடைசி நாளில் கொடுத்தால் சர்வர் மேல் பழி போகும், தேர்வு எழுத முடியாது.

நன்றாக எழுதுகிற பிள்ளைகள் இதில் கோட்டைவிடுவது உண்டு. கேட்கப்படுவது நூலாசிரியர், இலக்கணக் குறிப்பு, எந்த நூல், எந்த அடி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை, பெட்டிச் செய்தியும் நூலையும் ஆசிரியரையும் பற்றிய ‘நூல் வெளி’க் குறிப்பும் விடாமல் இரண்டு முறை படிக்க வேண்டும். இங்கே கிளியாக இருந்துதான் ஆக வேண்டும். அதை ஒளிக்காமல் மாணவரிடமே சொல்லிவிடுங்கள்.

8. பொதுத்தேர்வுத் தாள்

பிளஸ் டூ தமிழ்த் தாள் 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், நேரம் இருக்காது. நெடுவினாவில் சொந்தப் பார்வையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் மதிப்பெண் குறையும். குறிப்பில் உள்ள கருத்துகளை உட்தலைப்போடு முதலில் எழுதட்டும், தன் வாக்கியம் ஒன்றிரண்டை முடிவுரையில் வைத்துக்கொள்ளட்டும். டிசம்பர் அரையாண்டு முடிந்ததும் மாலைச் சந்திப்புகளை நிறுத்திவிடுங்கள்.

9. பிளஸ் டூ முடிந்தபின்

வீட்டில் நடக்கும் சண்டைக்கு ஏப்ரலிலேயே தயாராகுங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்கும். விண்ணப்பக் கட்டணம் ரூ.48, பதிவுக் கட்டணம் ரூ.2, பட்டியலின, பழங்குடி மாணவருக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: பி.ஏ. தமிழுக்குத் தரவரிசையே தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்துத்தான். கணக்கில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கும் நல்ல கல்லூரி கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் மாணவிக்குப் புதுமைப்பெண், மாணவனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். பெற்றோரிடம் பேச இந்த எண்ணிக்கைகள்தான் உதவும்.

பிள்ளை பொறியியலோ செவிலியர் படிப்போ போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். எழுதுவதற்குப் பி.ஏ. தமிழ் கட்டாயமில்லை.

10. உங்களுக்கு மாறுதல் வந்தால்

கலந்தாய்வில் வேறு ஊர் கிடைத்துவிட்டால் பாதியில் நிற்பது அந்தப் பிள்ளைதான். அடுத்து வரும் தமிழாசிரியருக்கு ஒரு பக்கம் எழுதி, கோப்போடு தலைமையாசிரியர் அறையில் வைத்துவிட்டுப் போங்கள். படித்து முடித்த நூல்கள், கையில் இருக்கிற நூல், எந்தப் பாட்டுவரை வந்திருக்கிறது, வங்கிக் கணக்கில் பெயர் திருத்தம் முடிந்ததா, வீட்டில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ‘மிகச் சிறந்த மாணவி’ என்று எழுதாதீர்கள், வருகிறவர் உடனே பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுவார். குறிப்பேடுகளைக் கோப்பில் சேர்க்க வேண்டாம். அவை மாணவருடையவை, கையிலேயே கொடுத்துவிடுங்கள்.